பேனாவுக்கும் லைசென்ஸா?

“மகள் பத்திரிகைப் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். மூன்று வருஷம், பி.ஏ. பட்டமாம். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் பத்திரிகையில் எழுதவே விடமாட்டார்களா?”

ஆலை வாசலிலும் நடவு வயலின் வரப்பிலும் இந்தக் கேள்வி இப்போது காதில் விழுகிறது. கேட்பவர்கள் நூற்பாலையில் சைடு பார்க்கும் தோழர்கள். களையெடுக்கப் போகும் தாய்மார்கள். இவர்களுடைய பெற்றோர்கள் டீக்கடையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள். பேரப்பிள்ளைகளுக்கோ பத்திரிகையை எழுதவே ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசை. வரவேற்க வேண்டிய ஆசை.

கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பட்டம் இல்லாதவன் எழுதக்கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சட்டம் சொல்லாததை உத்தியோகம் கொடுப்பவன் சொல்கிறான். “இதழியல் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம்” என்று விளம்பரத்தில் ஒரு வரி. அந்த வரியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. 2013 மார்ச்சில், அப்போது பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த முன்னாள் சுப்ரீம் கோர்ட் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, வக்கீலுக்கும் டாக்டருக்கும் தகுதி கேட்கும்போது பத்திரிகையாளருக்கு மட்டும் ஏன் கேட்கக்கூடாது என்றார். குறைந்தபட்சத் தகுதியை வகுக்க ஒரு கமிட்டியையும் அமைத்தார். சட்டம் வரவில்லை. ஆனால் யோசனை செத்துவிடவில்லை.

இந்த யோசனையைச் சட்டமாகவே ஆக்கி நாற்பது வருஷம் நடத்திப் பார்த்த தேசம் ஒன்று உண்டு. பிரேஸில். அந்தக் கதையை நமது தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் அதில் ராணுவம் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், தொழிற்சங்கம் ஒரு பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாத சிக்கல் இருக்கிறது.

1964ல் பிரேஸிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968 டிசம்பர் 13ந் தேதி கொண்டுவந்த ஐந்தாம் எண் உத்தரவால் பார்லிமெண்டை மூடியது. அரசியல் கைதி கோர்ட்டுக்குப் போகும் உரிமையைப் பறித்தது. பத்திரிகை ஆபீசுக்குள் தணிக்கையாளன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அடுத்த வருஷம் அதிபர் நோயில் விழவே, முப்படைகளின் மூன்று மந்திரிகள் கூடிச் சர்க்காரை நடத்தினார்கள். அந்த மூவர் 1969 அக்டோபர் 17ந் தேதி கையெழுத்திட்ட அவசரச் சட்டம் ஒன்று சொன்னது: இனிமேல் பத்திரிகையாளராக வேலை செய்ய வேண்டுமானால் சர்வகலாசாலையில் பத்திரிகைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், தொழில் மந்திரி இலாகாவில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு சந்து விட்டார்கள்.

துப்பாக்கி பிடித்தவர்களுக்குப் படிப்பின் மேல் ஏன் இத்தனை கரிசனம்? யோசித்துப் பாருங்கள். எழுதுபவன் யார், எங்கே படித்தான், எந்தப் பதிவேட்டில் எந்த எண் என்பதெல்லாம் சர்க்கார் மேஜையில் இருக்கும். உலோக ஆலையில் வேலை செய்துகொண்டே பத்திரிகைக்கு எழுதியவன், அச்சுக் கோக்கும் மேடையிலிருந்து ஆசிரியர் அறைக்கு ஏறியவன், இவர்களுக்கு வாசல் அடைபட்டுவிடும். ராணுவம் வேறென்ன கேட்கும்?

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். பட்டம் கட்டாயம் என்பது ராணுவத்தின் மூளையில் மட்டும் உதித்ததல்ல. பிரேஸில் பத்திரிகையாளர் ஸ்தாபனங்களே படிப்பு வேண்டும், பள்ளி வேண்டும் என்று வெகுகாலம் கோரியிருந்தன. சா பாலோ நகரத்தில் 1947லேயே பத்திரிகைப் பட்டப் படிப்பு தொடங்கியாகிவிட்டது. முதலாளி தன் மருமகனையும் மந்திரியின் சிபாரிசுக் கடிதத்தையும் வைத்து ஆசிரியர் நாற்காலியை நிரப்பிய காலத்தில், தகுதி என்ற ஒன்று இருந்தால் சம்பளம் கேட்க ஒரு பிடிமானம் கிடைக்கும் என்று சங்கம் நினைத்தது. நினைத்ததில் தவறென்ன? ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வைத்திருக்கும் பிட்டரை ஹெல்பர் கூலிக்கு வைத்துக்கொள்ள முதலாளி கொஞ்சமாவது தயங்குவான் அல்லவா? அதே நியாயம்தான். சங்கம் கேட்ட பண்டத்தை ராணுவம் தன் தேவைக்குத் தந்தது.

இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் விளாடிமிர் ஹெர்சாக் கொல்லப்பட்டார். 1937ல் யூகோஸ்லாவியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்பிப் பிரேஸிலுக்கு வந்து சேர்ந்தது. அவர் படித்தது தத்துவம். பத்திரிகைப் பட்டம் அவரிடம் இல்லை. சட்டத்துக்கு முன்பே, 1959ல், தொழிலுக்கு வந்துவிட்டவர். ஆனால் பத்திரிகை மாணவர்களுக்குச் சா பாலோ சர்வகலாசாலையில் பாடம் நடத்தியவர் அவர்தான்! அந்த நகரத்து அரசுத் தொலைக்காட்சியின் செய்தித் துறைக்கும் அவரே தலைவர். தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்பு உண்டு என்று ராணுவ உளவுப்படை அவரைக் கூப்பிட்டனுப்பியது. 1975 அக்டோபர் 25ந் தேதி காலையில் அவர் தாமாகவே நடந்து போனார். அன்றே பிணமானார்.

“தற்கொலை” என்றது ராணுவம். சாட்சிக்கு ஒரு போட்டோவும் வெளியிட்டது. ஜன்னல் கம்பியில் துணிப்பட்டி. அதில் தொங்கும் உடல். ஆனால் முழங்கால் மடங்கி, பாதங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. தரையில் கால் ஊன்றியபடி தூக்குப் போட்டுக்கொண்டவனை யாராவது பார்த்ததுண்டா? செய்தியைச் சரிபார்ப்பது எப்படி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த மனிதரின் சாவே மாணவர்களுக்கு ஒரு பாடமாகிவிட்டது. அக்டோபர் 31ந் தேதி சா பாலோ தலைமைத் தேவாலயத்தில் கத்தோலிக்கக் கார்டினலும் யூத மதகுருவும் புராட்டஸ்டண்ட் பாதிரியாரும் ஒன்றாக நின்று நினைவு வழிபாடு நடத்தினார்கள். போலீஸ் சாலைகளை மறித்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான பத்திரிகையாளர்கள் உண்மையைக் கேட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்று தெரிந்தே போட்டார்கள். 1978ல், ராணுவ ஆட்சி இருக்கும்போதே, ஒரு நீதிபதி அவர் சாவுக்கு அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார்.

ராணுவம் போய்விட்டது. 1988ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. பட்டச் சட்டம் மட்டும் போகவில்லை. 2001ல் ஒரு கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. வழக்கு ஏறி இறங்கி, 2009 ஜூன் 17ந் தேதி உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அதை ரத்துச் செய்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஒரு சமையற்காரன் உதாரணத்தைச் சொன்னார். நல்ல சமையற்காரன் சமையல் கல்லூரியில் படித்தவனாக இருக்கலாம். அதற்காக ஒவ்வொரு வேளைச் சோற்றையும் பட்டதாரிதான் வடிக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட முடியுமா என்பது அவர் வாதம்.

உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் அந்த வழக்கில் நின்றவர்கள் யார்? அரசுத் தரப்பு வழக்குரைஞர்களோடு, சா பாலோ ரேடியோ, தொலைக்காட்சிக் கம்பெனிகளின் முதலாளிகள் சங்கம்! எதிர்த்து நின்றது பத்திரிகையாளர் சம்மேளனம். ராணுவம் போட்ட சட்டத்தைத் தொழிலாளர் ஸ்தாபனம் காக்கிறது. சுதந்திரத்தின் கொடியை முதலாளி பிடிக்கிறான்! முதலாளிக்குத் திடீரென்று எழுத்துரிமையின் மேல் காதல் பிறந்துவிட்டது என்று நம்ப நான் தயாராக இல்லை. தகுதி என்ற வேலி போனால் யாரையும் எந்தச் சம்பளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அதில் இல்லாமலா இருக்கும்? சம்மேளனம் விடவில்லை. பட்டத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்ற திருத்தத்தை 2012ல் செனட் சபை ஏற்கும்படி செய்தது. கீழ்ச்சபையில் அது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

அப்படியானால் நாம் எந்தப் பக்கம்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு வேண்டும், கட்டாயம் வேண்டாம். சம்பளத்தைக் காப்பது சங்கமும் ஒப்பந்தமும் சட்டமும் செய்ய வேண்டிய காரியம். அதற்காக எழுதும் உரிமையின் கழுத்தில் பூட்டுப் போடக்கூடாது. பிரேஸிலில் அந்தப் பூட்டுக்கு ஓரளவாவது சமாதானம் சொல்லலாம். அங்கே மத்திய சர்வகலாசாலைகளில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. 2012 ஆகஸ்டில் வந்த சட்டப்படி அவற்றின் இடங்களில் பாதி, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. நம் நாட்டில் என்ன நிலைமை? தனியார் சர்வகலாசாலைகள் இந்தப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கேட்கின்றன. கூலிக்காரன் பிள்ளைக்கு அந்த வாசல் தெரியும். உள்ளே போக வழி தெரியாது. இந்த நிலையில் பட்டம் கட்டாயம் என்று சட்டம் போட்டால் பேனா யார் கையில் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இப்போதே யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1996ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் டில்லி நிருபர், தலித் பத்திரிகையாளர் ஒருவரோடு பேச வேண்டும் என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கேட்டு நாமும் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் அதே வருஷம் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 2006ல், டில்லியின் 37 பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் தலித்தும் ஆதிவாசியும் ஒருவர்கூட இல்லை. 2019ல் ஆங்கில, ஹிந்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பதவிகளை எண்ணியபோது 106 மேல்சாதியார் கையில். தலித், ஆதிவாசி மறுபடியும் பூஜ்யம். கட்டாயப் பட்டம் இல்லாதபோதே இந்தக் கணக்கு! வாசலில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டால்?

நம் மண்ணில் பத்திரிகை நடத்தியவர்கள் எந்தப் பத்திரிகைப் பட்டத்தை வைத்துக்கொண்டு நடத்தினார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893ல் “பறையன்” என்று தலைப்பிட்டே பத்திரிகை தொடங்கினார். சித்த வைத்தியர் அயோத்திதாசர் 1907ல் “ஒரு பைசாத் தமிழன்” நடத்தினார். வக்கீல் சிங்காரவேலர் 1923ல் “தொழிலாளன்” வெளியிட்டார். 1920 ஜனவரி 31ந் தேதி “மூக்நாயக்” தொடங்கிய அம்பேத்காரிடம் பட்டங்களுக்குக் குறைவில்லை. பத்திரிகைப் பட்டம் மட்டும் அவற்றில் இல்லை.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி சர்வகலாசாலையில் 1908 செப்டம்பர் 14ந் தேதி பத்திரிகைப் பள்ளி திறந்தார்கள். இந்தத் தொழிலுக்கென்றே தனிப் பட்டம் கொடுக்க வந்த பள்ளி. அதை நிறுவி முதல் தலைவராக உட்கார்ந்த வால்ட்டர் வில்லியம்ஸ் கல்லூரி வாசலையே மிதிக்காதவர். சிறுவனாக அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்றவர். ஆனால் அவர் ஒன்றைச் சரியாகப் பிடித்தார். பள்ளி திறந்த அன்றே மாணவர்கள் ஒரு பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார்கள். தறியைத் தொடாமல் நெசவு வராது என்பது அச்சுக்கூடத்தில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருந்தது.

நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் பத்திரிகைப் பள்ளி நிறுவ 20 லட்சம் டாலர் ஒதுக்கிய ஜோசப் புலிட்சரின் கதை இன்னொரு தினுசு. அவர் ஹங்கேரியிலிருந்து கையில் காசில்லாமல் வந்து பத்திராதிபர் ஆனவர். தெருவில் அவர் பத்திரிகையைக் கூவி விற்ற சிறுவர்களுக்கு 100 பிரதியின் விலையை 50 சென்டிலிருந்து 60 சென்டாக உயர்த்தினார். மற்றப் பத்திரிகைகள் யுத்தம் முடிந்ததும் விலையைக் குறைத்தன. அவரும் இன்னொரு கோடீஸ்வரர் ஹெர்ஸ்டும் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் அந்தப் பொடியன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரம். விலையைக் குறைக்காவிட்டாலும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு பத்திராதிபர்களும் இறங்கிவர நேர்ந்தது. 1912ல் திறந்த பத்திரிகைப் பள்ளியின் அஸ்திவாரத்தில் அந்தப் பத்து சென்டும் கிடக்கிறது.

சரி, இன்றைக்கு இந்த மூன்று வருஷத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? செய்தி சேகரிப்பது, செம்மைப்படுத்துவது, பத்திரிகைச் சட்டம், பத்திரிகைச் சரித்திரம், போட்டோ, தொலைக்காட்சி. இவையெல்லாம் வேண்டியவை. அவதூறுச் சட்டம் தெரியாத நிருபர் முதல் வக்கீல் நோட்டீசுக்கே படுத்துவிடுவார். ஆனால் பல இடங்களில் இதே பட்டத்துக்குள் விளம்பரமும் “மக்கள் தொடர்பு” என்ற கம்பெனி விவகாரமும் சேர்ந்து வருகின்றன. கம்பெனி மறைப்பதைத் தோண்டி எடுக்கவும் ஒரு பாடம். கம்பெனிக்காக மறைக்கவும் ஒரு பாடம். இரண்டையும் ஒரே மாணவன் ஒரே பருவத்தில் படித்துப் பாஸ் செய்ய வேண்டும்!

எது இல்லை? சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டாமா? பி.எப். பிடித்தம் கட்டப்பட்டதா என்று பார்ப்பது எப்படி? பட்டாவுக்கும் அடங்கலுக்கும் என்ன வித்தியாசம்? கிராம வேலைத் திட்டத்தின் மஸ்டர் ரோலில் செத்தவன் பெயருக்குக் கூலி எழுதியிருக்கிறதா? விபத்து என்று எழுதிய முதல் தகவல் அறிக்கைக்கும் பிரேத விசாரணை அறிக்கைக்கும் எங்கே முரண்பாடு? 2005ல் வந்த தகவல் அறியும் சட்டப்படி எப்படிக் கேட்டால் பதில் வரும், எப்படிக் கேட்டால் வராது? கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் நஷ்டம் என்று எழுதியிருப்பது நிஜ நஷ்டமா? இவையல்லவா பாடமாக வேண்டும்! ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும் விவசாயத் தொழிலாளியின் மகனுக்கும் இதில் பாதி வீட்டிலேயே தெரியும். கூலி பிடித்தம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அந்த அறிவு இல்லாத பத்திரிகை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2006ல் மும்பையில் லாக்மே பேஷன் வாரம் நடந்தது. பருத்தி ஆடைகளை அணிந்து அழகிகள் மேடையில் நடந்தார்கள். செய்தி சேகரிக்க அனுமதிச் சீட்டுப் பெற்ற பத்திரிகையாளர்கள் 512 பேர். அதே வாரத்தில், விமானத்தில் ஒரு மணி நேர தூரத்தில், விதர்பாவில், அந்தப் பருத்தியைப் பயிரிட்ட விவசாயிகள் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்த தேசியப் பத்திரிகை நிருபர்கள் ஆறு பேர்கூட இல்லை. இந்தக் கணக்கை எழுதி அம்பலப்படுத்தியவர் பி. சாய்நாத். அவர் படித்தது சரித்திரம்.

தொழிலில் சேர்ந்த பிறகு என்ன என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று வரையறுத்தது. சம்பளத்துக்கு வேஜ் போர்டு வந்தது. அந்தச் சட்டம் பத்திரிகையாளர் யார் என்று சொன்னபோது, அவர் செய்யும் வேலையைப் பார்த்ததே தவிரப் பட்டத்தைக் கேட்கவில்லை. மஜீதியா வேஜ் போர்டு சிபாரிசை 2011ல் சர்க்கார் ஏற்றது. முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2014 பிப்ரவரி 7ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவர்கள் வாதத்தைத் தள்ளியது. அதன் பிறகும் கொடுக்காத நிறுவனங்களை எதிர்த்து ஊழியர்கள் வழக்காடினார்கள். 2019லும் 2020லும் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழிற்சட்டத் தொகுப்புகளில் இந்தத் தனிச் சட்டங்களைக் கரைத்துவிட்டார்கள். ஊர்ப்புறப் பகுதி நேர நிருபர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுப்பார்கள். பொங்கல் மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்வார்கள்.

படிக்கும்போதே இன்னொரு வலையும் உண்டு. “இன்டர்ன்ஷிப்” என்று மாணவர்களை இரண்டு மாதம் பத்திரிகை ஆபீசில் வேலை வாங்குகிறார்கள். பல இடங்களில் சம்பளம் கிடையாது. அனுபவம்தான் கூலியாம்! நூற்பாலையில் “அப்ரண்டிஸ்” என்ற பெயரில் வருஷக் கணக்கில் சைடு பார்த்த பெண்களுக்கு இந்தப் பாஷை புதிதல்ல.

ஆகவே, சேரலாமா? சேரலாம் என்றே சொல்வேன். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்று முதலில் தேடுங்கள். நிலத்தை ஒத்தி வைத்து, நகையை அடகு வைத்துத் தனியார் கல்லூரிக்குக் கொட்ட இந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லை. அந்த நிலைமை வந்தால் பொருளாதாரமோ சரித்திரமோ சட்டமோ குறைந்த செலவில் படிக்கட்டும். பத்திரிகைத் தொழிலை ஒரு வருஷ டிப்ளமோவாகப் பின்னால் படித்துக்கொள்ளலாம். வெறும் தொழில்நுட்பம் தெரிந்து விஷயம் தெரியாத நிருபரைவிட, விஷயம் தெரிந்தவர் தொழில்நுட்பத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். ஆங்கிலத்தை விட்டுவிட வேண்டாம். பாலன்ஸ் ஷீட்டும் கோர்ட் தீர்ப்பும் அதில்தான் வருகின்றன.

சேருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மாணவர்கள் நடத்தும் பயிற்சிப் பத்திரிகையின் பிரதி ஒன்றைக் கல்லூரி ஆபீசில் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிவருவதே இல்லை என்றால் வேறு கல்லூரி தேடலாம். வந்தால், அதில் கல்லூரித் தாளாளர் மாலை வாங்கும் படம் எத்தனை, அந்தக் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன சம்பளம் என்று விசாரித்து எழுதிய வரி எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.